அல்ப்ஸ் மலையில் கறுப்புச் சலமாண்டர்: முதன்முறை தேடிப் போகிறவர்களுக்கு

சுவிஸில் வாழும் நம்மவர்கள் மலைக்குக் கிளம்புவது வெயில் நாளில்தான். வானிலைச் செயலியில் நாள் முழுக்கச் சூரியன் தெரிந்தால்தான் பை கட்டுவோம். தவளைபோல நீர்நில வாழ்வியான, பல்லி உருவம் கொண்ட சலமாண்டரைப் பார்க்க ஆசைப்பட்டால் அந்தப் பழக்கத்தை மாற்றி மழைக்குக் காத்திருக்க வேண்டும். எந்த மலை, எந்தப் பாதை என்பதைவிட எந்த இரவு, எத்தனை மணி என்பதே இங்கு முக்கியம். நேரம் சரியாக அமைந்தால் ஒரு கல்லைக்கூடத் தொடாமல் நடைபாதையிலேயே பத்து, இருபது பார்க்கலாம். நேரம் தவறினால் அதே பாதையில் நூறு கல்லைப் புரட்டினாலும் ஒன்றும் அகப்படாது. புரட்டவும் கூடாது, ஏன் என்று கீழே சொல்கிறோம்.

எதைத் தேடுகிறோம்

ஜெர்மன் மொழியில் ஆல்பென்சலமாண்டர். விஞ்ஞானப் பெயர் சலமாந்த்ரா ஆட்ரா. 1768இல் லாரெண்டி என்ற வியன்னா இயற்கையாளர் வைத்தது. ஆஸ்திரிய மலைக்காரர்கள் இதைப் பெர்க்மாண்டில் என்பார்கள், மலையில் வாழும் குட்டி மனிதன் என்று பொருள். மழை பெய்தால் வழியில் வந்து நிற்கும் குட்டி மனிதன் என்றே நினைத்துக்கொண்டால் தேடுவது எளிதாகிவிடும்.

மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை 10 முதல் 14 செ.மீ. முதுகு, வயிறு, கால் எல்லாமே கறுப்பு. மழையில் மைபோல மின்னும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ சலமாண்டர் இல்லை. அதனால் முதலில் பார்க்கிறவர்களுக்கு அரணை என்றுதான் தோன்றும். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். அரணைக்கும் பல்லிக்கும் செதிலும் நகமும் உண்டு, ஆளைக் கண்டால் ஓடிவிடும். சலமாண்டருக்குச் செதில் இல்லை, நகம் இல்லை, ஓட்டமும் இல்லை. முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. கண்ணுக்குப் பின்னால் இரு பக்கமும் சிறுநீரக வடிவில் தடித்த சுரப்பி. அதில் ஊசியால் குத்தியதுபோலத் துளைகள். முதுகின் இரு ஓரத்திலும் சிறு மேடுகள் வரிசையாக இறங்கும். விலாவில் குறுக்கே பள்ளங்கள் ஓடுவதால் உடல் வளையம் வளையமாகத் தெரியும்.

இதோடு குழம்பக்கூடியவை இரண்டு. மஞ்சள் புள்ளி இருந்தால் அது தீச்சலமாண்டர், தாழ்ந்த இலையுதிர் காடுகளில் வாழ்வது. வயிறு செம்மஞ்சளாக இருந்தால் அது மலை நியூட், குளம் குட்டைகளில் முட்டையிடுவது. ஆனால் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இவை இரண்டுமல்ல, கறுப்பு நிற ஓடில்லா நத்தைதான். அதே நீளம், அதே பளபளப்பு, அதே மழைநேரம். டோர்ச் வெளிச்சத்தில் கால் தெரிகிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் ஓரத்தில் தேட வேண்டாம்

நீர்நில வாழ்வி என்று படித்தவர்கள் நேரே ஏரிக்கரைக்கும் ஓடைக்கும் போய் ஏமாந்து திரும்புவார்கள். இந்த இனத்துக்குக் குளமே தேவையில்லை. முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை. தாய் வயிற்றிலேயே குஞ்சு வளர்ந்து, 4 முதல் 5 செ.மீ. நீளத்தில், பெரியதன் அச்சாகவே பிறக்கும். ஒரு பிரசவத்துக்கு வழக்கமாக இரண்டே குஞ்சு. கருப்பை இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று. மற்ற முட்டைகள் அந்தக் குஞ்சுக்கு உணவாகிவிடும். கர்ப்ப காலம், உயரத்தையும் குளிரையும் பொறுத்து, இரண்டு முதல் மூன்று ஆண்டு. சில வேளை அதற்கும் மேல்.

இதை ஒருமுறை நின்று யோசித்துப் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு இரண்டு குட்டி. தவளை ஒன்று ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இது அப்படி ஈடுகட்ட முடியாது. உங்கள் பூட்ஸின் கீழ் நசுங்குவது ஒரு கர்ப்பிணியாக இருந்தால், அந்தச் சரிவு இழப்பது பல வருட உழைப்பு. கீழே சொல்லும் விதிகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருபவைதான்.

இடம்

உயரம் 1,000 முதல் 2,000 மீட்டர். முதல்முறை 1,300க்கும் 1,800க்கும் இடையில் தேடுங்கள். சுண்ணாம்புப் பாறை உள்ள, மழை அதிகமான வட அல்ப்ஸ் பகுதியே நல்லது. வாலிஸ் மாநிலத்தின் நடுப்பள்ளத்தாக்கு நாட்டிலேயே வறண்ட பகுதிகளில் ஒன்று. அங்கே தொடங்க வேண்டாம்.

ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு மூன்று பகுதிகளைச் சொல்லலாம். அப்பென்செல் பக்கத்து அல்ப்ஷ்டைன் மலைத்தொகுதி: ரயில் வாசராவனில் (868 மீ) முடியும், அங்கிருந்து சேயால்ப்சே ஏரி (1,143 மீ) வழியாக மெக்லிசால்ப் (1,517 மீ) வரை நடக்கலாம். ஷ்வீஸ் மாநிலத்தில் மூவோட்டாதாலுக்கு மேலே, பிராகெல் கணவாய்ப் பக்கமுள்ள பேட்மெரன் காடு: சுண்ணாம்புப் பாறை முழுக்க வெடித்துக் குழியும் பிளவுமாகக் கிடக்கும், அதன்மேல் பழைய ஸ்ப்ரூஸ் மரங்கள். அங்கே பாதையை விட்டு ஓரடியும் இறங்கக் கூடாது. பாசி மூடிய பிளவுகள் ஆளை விழுங்கும் ஆழம் கொண்டவை. மூன்றாவது பேர்ன் மேட்டுநிலத்தில் காண்டர்ஷ்டேக், அதற்கு மேலே எஷினன் ஏரிச் சுற்றுவட்டாரம் (1,578 மீ).

பகுதியைத் தேர்ந்த பிறகு பாதையைத் தேருங்கள். வடக்கு நோக்கிய அல்லது நிழலான சரிவு. உயரமான அகன்ற இலைச் செடிகள், பச்சை ஆல்டர் புதர், அல்பென்ரோஸ் புதர், மண் நிரம்பிய பாறைக்குவியல், சாந்து பூசாத பழைய கல்வேலி, காடும் புல்வெளியும் சந்திக்கும் விளிம்பு, இவற்றில் இரண்டு மூன்றாவது ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பகலில் இவை ஒளிந்திருப்பது எலி வளையிலும் கல்லிடுக்கிலும் வேரடியிலும். இரவில் அதிலிருந்து சில மீட்டர் தூரம்தான் வெளியே வரும். ஆகவே ஒளிய இடமில்லாத, மாடு மேய்ந்து மொட்டையான, எரு கொட்டிய புல்வெளியில் நடந்து பயனில்லை.

பகலில் ஒருமுறை அதே பாதையை நடந்து பார்த்துவிடுவது அவசியம். எங்கே சறுக்கும், எங்கே ஓடை குறுக்கிடுகிறது, மின்வேலி எங்கே, மாட்டு மந்தை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். கன்றுள்ள பசுக்கள் இரவில் டோர்ச்சோடு வரும் ஆளைக் கண்டால் துரத்தும். மஞ்சள் பலகையுள்ள பாதையோ, வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் கோடு போட்ட மலைப்பாதையின் சுலபமான பகுதியோ போதும். வெள்ளை–நீலம்–வெள்ளை என்றால் மழையில் வேண்டவே வேண்டாம்.

நாளும் நேரமும்

பருவம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை. 1,800 மீட்டருக்கு மேல் ஜூனிலும் பனி கிடக்கும். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை மிக நல்ல காலம்.

தேட வேண்டிய வானிலை இது: நாலைந்து நாள் வறட்சிக்குப் பிறகு வரும் முதல் நல்ல மழை, காற்றில்லாத இரவு, 8 முதல் 14 பாகை வெப்பம். சலமாண்டருக்கு நுரையீரல் உண்டு, ஆனால் தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது. அந்தத் தோல் காய்ந்தால் ஆபத்து. வறட்சி நாள்களில் வளைக்குள் பசியோடு கிடந்து, நனைந்ததும் புழு, பூச்சி, சிலந்தி தின்ன வெளியே வரும். மழை நின்றாலும் புல் நனைந்திருந்தால் போதும். ஆனால் காற்று வீசினால், மழை பெய்திருந்தாலும், சீக்கிரம் உள்ளே போய்விடும். தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட ஃபியோன் காற்று வீசும் நாளில் வீட்டிலேயே இருங்கள். மழையோடு கடுங்குளிர் வந்து 4 பாகைக்குக் கீழே இறங்கினாலும் அப்படியே.

மலைமேல் எத்தனை பாகை இருக்கும் என்று கணக்கிட, 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 பாகை குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மீட்டரில் உள்ள சூரிச்சில் இரவு 18 பாகை என்றால் 1,600 மீட்டரில் சுமார் 11. நல்ல இரவு.

நேரம் இரண்டு: இருட்டியதிலிருந்து நள்ளிரவு வரை, அல்லது விடியலுக்கு ஒரு மணி முன்பிருந்து விடிந்து இரண்டு மணி வரை. புதியவர்களுக்கு விடியற்காலையையே சொல்வோம். வெளிச்சம் வரவரப் பாதை பாதுகாப்பாகும், படம் எடுக்க டோர்ச் தேவைப்படாது, குழந்தைகளும் வரலாம். ஜூன் கடைசியில் சூரியன் 5.30 அளவில் எழும், அப்படியானால் 4.30க்குப் பாதையில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸும் கொண்டு விடாது என்பதுதான் பலருடைய திட்டம் உடையும் இடம். முந்தின மாலையே ஏறி மலை விடுதியில் தங்குவதே வழி. மெக்லிசால்ப் போன்ற இடத்தில் தங்கினால் விடுதி வாசலிலிருந்தே தேடத் தொடங்கலாம். மழை நாளில் படுக்கை கிடைப்பதும் சுலபம்.

இடிமின்னல் இருக்கும்போது போக வேண்டாம். மின்னல் ஓய்ந்து ஒரு மணி கழித்துக் கிளம்பினாலும் சலமாண்டர் அங்கேயே இருக்கும்.

கொண்டு போக வேண்டியவை

ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, மாற்று பாட்டரியோடு. வெளிச்சத்தைக் குறைத்துக் கூட்டும் வசதி இருக்க வேண்டும். 100 முதல் 200 லூமன் போதும். சலமாண்டரின் முகத்தில் 1,000 லூமன் அடித்தால் அது திரும்பிப் போய்விடும், உங்களுக்கும் ஈரப்புல் முழுக்கக் கண்ணாடிபோல மின்னி எதுவும் தெரியாது. அடி தேயாத மலைப் பூட்ஸ், மழைச்சட்டை, மழைக்காற்சட்டை, கையுறை, மாற்றுக் காலுறை, சுடுதேநீர். ஊன்றுகோல் எடுத்தால் நுனியில் ரப்பர் மூடி போடுங்கள். சுவிஸ்டோப்போ செயலியில் அந்தப் பகுதி வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வையுங்கள்; பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். அவசரத்துக்கு ரேகா மீட்பு ஹெலிகொப்டர் எண் 1414, பொது அவசர எண் 112. தனியே போகாதீர்கள், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

பூச்சித் தைலமும் வெயில் களிம்பும் கையில் இருக்கக் கூடாது. தொடாமல்தான் பார்க்கப் போகிறீர்கள், என்றாலும் வழியில் நசுங்கப் போகும் ஒன்றை நகர்த்த நேரலாம். அந்தத் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும்.

நடக்கும் விதம்

100 மீட்டருக்குப் பத்து நிமிடம். இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. சாதாரண மலையேற்ற வேகத்தில் நடந்தால் பார்ப்பதைவிட மிதிப்பது அதிகமாகிவிடும்.

காலடிக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் முன்னால் வெளிச்சத்தைத் தாழ்த்திப் பிடியுங்கள். இடுப்பு உயரத்தில் பிடித்தால் நிழல் விழுந்து உருவம் எழுந்து தெரியும்; நெற்றியிலிருந்து அடித்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும். மூன்று அடி வையுங்கள், நில்லுங்கள், பாதையின் நடு, இடது ஓரம், வலது ஓரம், கல்வேலியின் அடி என்று பாருங்கள், பிறகு அடுத்த மூன்று அடி. குழுவாகப் போனால் ஒருவர் முன்னே, மற்றவர்கள் அவர் அடிச்சுவட்டிலேயே. நாலு பேருக்கு மேல் வேண்டாம்.

முதல் சலமாண்டர் கிடைப்பதுதான் கஷ்டம். ஈரச்சரளையில் கறுப்பு ரப்பர்த் துண்டு கிடப்பதுபோல இருக்கும். முன்கால் இரண்டையும் ஊன்றித் தலையைச் சற்றே உயர்த்தி, அசையாமல் நிற்கும். கிட்டத்தில் பார்த்தால் தொண்டைத் தோல் மட்டும் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். ஒரு மண்புழு முன்னால் நெளிந்தால் தலையை மெல்லச் சாய்த்து, சற்று யோசிப்பதுபோல நின்று, சட்டென்று கவ்வும். ஒன்றைக் கண்டுவிட்டால் கண் பழகிவிடும். அடுத்த ஐந்து நிமிடத்தில், தாண்டி வந்த பாதையிலேயே இன்னும் இரண்டு நிற்பது தெரியும். ஆகவே திரும்பி வரும்போதும் அதே வேகம்தான்.

கல்லையும் கட்டையையும் புரட்ட வேண்டாம் என்று சொன்னோம். கல்லின் அடியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த ஈரமும் மண் ஒட்டும் உண்டு. தூக்கி வைத்தால் அது முன்புபோல உட்காராது. இடுக்கில் காற்றுப் புகுந்து காய்ந்துவிடும், அந்த ஒளிவிடம் போய்விடும். சலமாண்டர் தன் பழைய வளைக்கே திரும்பத் திரும்ப வருவது. கல்லை வைக்கும்போது கீழே இருப்பது நசுங்குவதும் உண்டு. கல்வேலியில் கைவிட்டால் விரியன் இருக்கவும் கூடும்.

கண்டுபிடித்த பிறகு

சுவிஸில் எல்லா நீர்நில வாழ்விகளும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. பிடிப்பது, பெட்டியில் போடுவது, வீட்டுக்குக் கொண்டு வருவது எல்லாம் குற்றம். ஒரு மீட்டர் தள்ளிக் குனிந்து பாருங்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். உங்கள் நண்பர் பக்கவாட்டில் மங்கலான வெளிச்சம் பிடித்தால் விலாப் பள்ளங்கள் அழகாக விழும். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. ஒரு மிருகத்துக்கு இரண்டு நிமிடம் போதும்.

கடிக்குமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அரணை கடித்தால் மரணம் என்று ஊரில் சொல்வதுபோல இதைப் பற்றியும் மலைநாட்டில் பயக் கதைகள் உண்டு. கடிக்காது. ஆனால் தோல் சுரப்பியில் சமண்டாரின் என்ற நஞ்சு இருக்கிறது. கண்ணிலோ வாயிலோ பட்டால் எரியும். தொட்டுவிட்டால் முகத்தில் கை வைக்கும் முன் நன்றாகக் கழுவுங்கள். நாயை அழைத்து வர வேண்டாம். கவ்வினால் இரண்டுக்கும் கேடு.

வண்டிப் பாதையில் நின்றால் மட்டும் நகர்த்தலாம். மழைநீரில் நனைத்த வெறுங்கையாலோ ஈர இலையாலோ, அது எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அந்தப் பக்க ஓரத்தில் விடுங்கள். எதிர்ப்பக்கம் விட்டால் மறுபடியும் குறுக்கே வரும். மழை இரவில் அல்ப் சாலையில் கார் ஓட்டுகிறவர்கள் நடக்கும் வேகத்தில்தான் ஓட்ட வேண்டும். பாதையோர வடிகால் குழிகளை எட்டிப் பாருங்கள். உள்ளே விழுந்தவை நேர்ச்சுவரில் ஏற முடியாமல் அங்கேயே சாகும். குழியின் இடத்தைக் குறித்து அந்த ஊர் கெமைண்டேக்கு (உள்ளூராட்சிக்கு) எழுதினால் உள்ளே ஏணிபோல ஒரு சரிவு வைக்க முடியும். செலவில்லாத வேலை, பலன் பெரிது.

பூட்ஸைக் கழுவுதல்

இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம், அதனால் அழுத்திச் சொல்கிறோம். நெதர்லாந்தில் 2010 அளவில் தீச்சலமாண்டர்கள் கூட்டம் கூட்டமாக மடியத் தொடங்கின. சில ஆண்டுகளில் அங்கே ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. காரணம், தோலைத் தின்னும் ஒரு பூஞ்சை. சுருக்கமாகப் பிசால் என்பார்கள், 2013இல் பெயரிடப்பட்டது. ஆசியாவிலிருந்து வளர்ப்புப் பிராணி வியாபாரத்தோடு வந்தது என்று கருதப்படுகிறது. பெல்ஜியம் தாண்டி ஜெர்மனியின் பவேரியாவரை வந்துவிட்டது. அது பரவும் வழிகளில் ஒன்று ஈரமண் ஒட்டிய காலணி.

ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வேறொன்றுக்குப் போகும் முன், பூட்ஸ் அடிச்சேற்றைப் பழைய பிரஷால் முழுக்கச் சுரண்டிவிடுங்கள். சேறு இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. பிறகு 70 விழுக்காடு அல்கஹோல் தெளித்து, ஈரம் நிற்க ஒரு நிமிடம் விடுங்கள். அல்லது விர்கோன் எஸ் என்ற கிருமிநாசினித் தூளை ஒரு லீட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கலந்து ஐந்து நிமிடம். ஊன்றுகோல் நுனியையும் சேர்த்துச் செய்யுங்கள். ஓடைப் பக்கத்தில் செய்யாதீர்கள், அந்தக் கரைசல் நீர்ப்பூச்சிகளைக் கொல்லும். வீட்டில் செய்து, முழுக்கக் காயவிட்டு எடுங்கள்.

ஒன்றும் கிடைக்காவிட்டால்

பெரும்பாலும் இடத்தைக் குறை சொல்வார்கள். நேரத்தை முதலில் சந்தேகியுங்கள். புல்லை உள்ளங்கையால் தடவுங்கள். கை சொட்டச் சொட்ட நனையாவிட்டால் ஈரம் போதாது. இலை ஆடுகிறதா? காற்று அதிகம். காலை மணி எட்டைத் தாண்டிவிட்டதா? சுருண்டு உள்ளே போயிருக்கும். பல நாள் தொடர் மழையின் கடைசி நாளும் மந்தமாகவே இருக்கும், எல்லாம் வயிறு நிறையத் தின்றுவிட்டிருக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தும் அதே பாதையில் மூன்று நல்ல இரவு வெறுமையாகப் போனால்தான் வேறு சரிவுக்கு மாற வேண்டும்.

குறித்து வைத்து அனுப்புதல்

தேதி, தொடங்கிய மணி, முடித்த மணி, உயரம், வெப்பம், மழையா தூறலா, எத்தனை பெரியது, எத்தனை குட்டி, செத்துக் கிடந்தவை எத்தனை. ஆயத்தொலைவு எண்ணை சுவிஸ்டோப்போ செயலியில் விரலை அழுத்திப் பிடித்தால் எடுக்கலாம். இதை நெயுஷாத்தெலில் உள்ள இன்ஃபோ ஃபௌனா என்ற விலங்குத் தரவு மையத்துக்கு அனுப்புங்கள். வெப்ஃபௌனா என்ற அதன் செயலியிலேயே பதியலாம். படம் சேர்த்தால் சரிபார்ப்பது எளிது. ஒன்றும் காணாத இரவையும் உங்கள் நோட்டில் எழுதுங்கள், வெப்பத்தோடும் மணியோடும். அடுத்த முறை எந்த இரவு கிளம்புவது என்று அந்த வரிகளே சொல்லும்.

சமூக வலைத்தளத்தில் படம் போடும்போது பள்ளத்தாக்கின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பாதையும் வளைவும் வேண்டாம். இத்தாலியில் அசியாகோ மேட்டில் இதன் உறவான, மஞ்சள் முதுகுள்ள அரிய வகை ஒன்று மிகச் சிறிய காட்டுப் பரப்பில் மட்டும் வாழ்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் ஊர்ப் பெயரைக்கூட எழுதாமல் விட வேண்டும்.